உஸ் மேஸ்திரியும் ஓடுகாலி ரெசினும்

தங்கவயலில் எங்காவது ஓர் ஓட்டை விழுந்தால் அதை முதலில் தெரிந்துகொள்கிற ஆள் உஸ் மேஸ்திரி. அந்தப் பொருளுக்குச் சொந்தக்காரர் இரண்டாவது ஆள்தான். சைக்கிள் டியூப், ஆர்மோனியம், மண்ணெண்ணெய் ஸ்டவ், ஃபுட்பால், எதில் காற்றுக் கசிந்தாலும் சரி, நடந்து போய்க்கொண்டிருக்கிற மனுஷன் சட்டென்று நிற்பார். உதட்டில் விரலை வைத்து "உஸ்" என்பார். அப்புறம் கூட இருக்கிறவர்கள் மூச்சுவிடக் கூடாது.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. நாங்கள் வேலை செய்த ஷெட்டின் ஆட்கள் பட்டியலில் நான்தான் அதை மாதாமாதம் டைப் அடித்தேன். இன்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. ஒருமுறை அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இது யாரு டைப்பம்மா, புதுசா சேந்தவனா?" என்று அவரே கேட்டார்.

ஒரு மாட்டினி ஷோவில் நடந்ததை இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். திரையில் கதாநாயகனின் அம்மா சாகக் கிடக்கிறாள். பெண்கள் பக்கம் ஒரே மூக்குறிஞ்சல். அந்த நேரம் பார்த்து ஆண்கள் பக்கத்திலிருந்து "உஸ்" என்று ஒரு சத்தம். பாம்பு என்று நினைத்து நாலு பேர் பெஞ்சுமேல் ஏறினார்கள். மேஸ்திரி எழுந்து நின்று, "வெளிய எவனோட சைக்கிளோ காத்து எறங்குது. பின்சக்கரம்" என்றார். போய்ப் பார்த்தால் நிஜம்தான். படம் ஓட்டுகிறவருடைய சைக்கிள். அவர் படத்தை நிறுத்திவிட்டுப் பஞ்சர் ஒட்டப் போனதில், அந்த அம்மா அன்றைக்கு இருபது நிமிஷம் கூடுதலாக உயிரோடு இருந்தாள்.

இந்தக் காது அவருக்குச் சும்மா வந்ததல்ல. தங்கச் சுரங்கத்தில், பூமிக்குள்ளே, பதினாறு வருஷம் அவர் வேலை செய்தது காற்றோடு. மேலேயிருந்து தள்ளுகிற காற்று ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழி வழியாக இறங்கி, ஆட்கள் பாறை உடைக்கிற இடம்வரை போய்ச் சேர வேண்டும். அது லேசில் போகாது. வழியில் கைவிட்ட பழைய சந்து ஏதாவது இருந்தால் அதில் புகுந்து சுருக்கு வழியில் திரும்பிவிடும். அந்தச் சந்துகளைத் தார்ப்பாய் கட்டி அடைக்கிற கேங்குக்கு இவர் மேஸ்திரி. அங்கே இருட்டில் கசிவைத் தேடக் காதைத் தவிர வேறு வழியில்லை. அப்புறம் அவருடைய நெஞ்சுப் படத்தைப் பார்த்த டாக்டர் இனிமேல் ஆட்களைக் கீழே இறக்குகிற கேஜில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் அவர் எங்கள் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தார்.

எங்கள் ஷெட் என்பது ஊரிகம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த ஒரு தகரக் கொட்டகை. கண்ணாடி நாரை மேட் என்கிற பாயாக விரித்து, அதன்மேல் ரெசின் என்கிற பிசினை ஊற்றி, இறுகவைத்துத் தண்ணீர்த் தொட்டியும் ஹெல்மெட்டும் செய்வோம். பதினோரு ஆட்கள், ஒரு மானேஜர், டைப் அடிக்க நான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயசு. அப்பா இல்லாத வீட்டில் நான்தான் சம்பாத்தியம். மானேஜர் பெங்களூர்க்காரர். கன்னடத்தில் கவலைப்படுவார், இங்கிலீஷில் திட்டுவார், தமிழில் கெஞ்சுவார்.

எழுபதுகளின் நடுவில் ஷெட்டுக்கு வேலை வற்றிப்போன நேரம். தொட்டி கேட்டு ஒருத்தரும் வரவில்லை. ஷெட்டை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு டீக்கடைவரை வந்துவிட்டது. அப்போதுதான் மானேஜர் பெங்களூர் போய் ஓர் ஆர்டரைப் பிடித்துவந்தார். நாலு ஆம்புலன்ஸ் வண்டிக்குக் கூரைப் பலகை. நாலும் தங்கவயல் ஆஸ்பத்திரிக்கே வருகிற வண்டிகள். சாதாரணப் பலகை போதாது, லேசாகவும் இருக்க வேண்டும், வளையவும் கூடாது. சாண்ட்விச் பலகை.

"சாண்ட்விச்சுன்னா இன்னா சார்?" என்றார் மேஸ்திரி.

மானேஜர் விளக்கினார். நடுவில் லேசான ஒரு சரக்கு, மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல்.

மேஸ்திரி யோசித்துவிட்டு, "ரெண்டு தோசைக்கு நடுவுல ஒரு இட்லி" என்றார்.

"அதேதான்ப்பா" என்றார் மானேஜர். அதற்கப்புறம் ஷெட்டில் அந்தப் பலகைக்குத் தோசை இட்லி என்றே பெயராகிவிட்டது. ஒருதரம் ஞாபகமில்லாமல் பெங்களூருக்குப் போகிற கடிதத்தில் நானே அப்படி டைப் அடித்துவிட்டேன். கவரில் போடுமுன் பார்த்ததால் வேலை தப்பியது.

முதல் இட்லிக்கு மானேஜர் தெர்மாகோல் வாங்கிவந்தார். வெள்ளையாக, பூப்போல இருந்தது. அதன்மேல் ரெசினை ஊற்றினோம். ஐந்து நிமிஷத்தில் சிர்ரென்று ஒரு சத்தம். ரெசின் தெர்மாகோலைத் தின்றுகொண்டிருந்தது. பத்தாவது நிமிஷத்தில் இட்லி இருந்த இடத்தில் ஒரு குழி. மானேஜர் குழியைப் பார்த்தார், மேஸ்திரி மானேஜரைப் பார்த்தார். "சார், இதுக்குப் பசி ஜாஸ்தி கீது" என்றார்.

பிறகு பால்சா என்கிற கட்டை வந்தது. தூக்கினால் கையில் ஏதாவது இருக்கிறதா என்று சந்தேகம் வரும், அவ்வளவு லேசு. இதை ரெசின் தின்னவில்லை. ஆனால் கையால் பூசினால் ரெசின் ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் கம்மி, பலகை பாறாங்கல் மாதிரி கனத்தது. மானேஜர் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒரு வழி படித்திருந்தார். நார் மேட்டையும் கட்டையையும் காய்ந்தபடியே அடுக்கவேண்டும். மேலே பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தி, சுற்றிலும் ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கிற பட்டி என்கிற பசையால் ஒட்டவேண்டும். ஒரு பக்கம் பம்ப் வைத்து உள்ளேயிருக்கிற காற்றை உறிஞ்சினால், மறுபக்கம் டியூப்கள் வழியாக ரெசின் தானாக உள்ளே ஓடிவரும்.

ஓடிவந்தது. ஆனால் வரவேண்டிய இடத்துக்கு வரவில்லை. மேட்டின் ஓரத்துக்கும் பட்டிக்கும் நடுவே விரற்கடை அளவு சந்து இருந்தது. ரெசின் அந்தச் சந்தில் புகுந்து, பலகையைச் சுற்றிக்கொண்டு, மூன்றே நிமிஷத்தில் பம்புக்குள் போய்விட்டது. பலகையின் நடு வறண்டு கிடந்தது. பம்ப் ஒருமுறை இருமியது. அதன் வயிற்றுக்குள் ரெசின் கல்லாக இறுகிவிட்டது.

மானேஜர் கன்னடத்தில் கவலைப்பட ஆரம்பித்தார். மேஸ்திரியோ குதிக்காத குறை. "டைப்பம்மா, பாத்தியா, இது காத்தேதான். பதினாறு வருசமா என்னை ஏமாத்திச்சே, அதே காத்து. இப்ப பிசின் வேசம் போட்டுனு வந்துகீது. ஓடுகாலி. இதுக்கு நேர்வழி புடிக்காது. சந்து இருந்தா சந்துலதான் ஓடும்."

அன்றிலிருந்து ரெசினுக்கு அவர் ஓடுகாலி என்று பெயர் வைத்துவிட்டார். அதன் ஓட்டத்தை அடக்குவதே அவருக்குத் தொழில், சாப்பாடு, தூக்கம் எல்லாம். சுரங்கத்தில் சந்தை அடைத்த மாதிரி, ஓரச் சந்தில் பஞ்சுத் திரியை முறுக்கி அடைத்தார். மேல் தோலுக்கு ரெசின் வந்தது, கீழ்த் தோலுக்கு இறங்கவில்லை. "மேல் லெவல்லருந்து கீழ் லெவலுக்கு ஷாஃப்ட் இல்லாம எப்படிப் போவும்?" என்று கட்டை முழுக்க வரிசையாகச் சின்னச் சின்னத் துளை போட்டார். இறங்கியது. ஆனால் நத்தை வேகம். பாதிப் பலகை நனைவதற்குள் வாளியில் மிச்சமிருந்த ரெசின் இறுகத் தொடங்கிவிட்டது.

மறுநாள் காலை மேஸ்திரி ஒரு கொசுவலையோடு வந்தார். அதை மேட்டின்மேல் விரித்து, அதற்குமேல் பிளாஸ்டிக்கைப் போர்த்தினார். வலையின் கண்களுக்குள் ரெசின் ஜிலுஜிலுவென்று பரவியது. ஷெட்டே கைதட்டியது. ஆனால் இறுகின பிறகு பார்த்தால் கொசுவலை பலகையோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. நாலு பேர் பிடித்து இழுத்தும் அசையவில்லை.

மத்தியானம் மேஸ்திரியின் சம்சாரம் பாக்கியம் அக்கா வாசலில் வந்து நின்றார். "டைப்பு பொண்ணு, எங்க வூட்டுக் கொசுவலைய இங்க யாராவது பாத்தீங்களா?"

நான் பலகையைக் காட்டினேன். அக்கா அதை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "நேத்து ராத்திரி இந்த மனுசனக் கொசு புடுங்கட்டும்" என்றார். பிறகு, "நேத்து இல்ல, இன்னிக்கி. கோவத்துல கெழம மாறிப் போச்சு" என்று திருத்திவிட்டுப் போனார்.

வலை ஒட்டாமல் இருக்க நடுவில் ஒரு துணி வேண்டும். பருத்தி ஒட்டியது, கோணி ஒட்டியது, மானேஜரின் கைக்குட்டை நிரந்தரமாக ஒட்டியது. நாலாம் நாள் மேஸ்திரி ஒரு வழவழ துணியை விரித்தார். மேலெல்லாம் ரோஸ் கலரில் பூ. இறுகின பிறகு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் பரபரவென்று உரிந்து வந்துவிட்டது, வலையையும் கூட்டிக்கொண்டு. அது நைலான். அது புடவை. அது யாருடையது என்று நாங்கள் கேட்கவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பாக்கியம் அக்காவே வந்தார்.

"இன்னாய்யா, என் தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த பொடவ."

"உஸ்" என்றார் மேஸ்திரி. "பம்பு ஓடுது."

"நான் கேக்கறதுக்கு பதிலு சொல்லு."

"பாக்கியம், இது இல்லன்னா பதினோரு பேருக்கு வேல இல்ல. கட்டிக்க வேற பொடவ உனக்குக் கீது. இவங்களுக்கு வேற ஷெட்டு இல்ல."

அக்கா எங்கள் எல்லார் முகத்தையும் பார்த்தார். நாங்கள் எல்லாரும் தரையைப் பார்த்தோம். "அப்ப பிரஷர் குக்கர்?" என்றார்.

அதுவும் அங்கேதான் இருந்தது. பலகைக்கும் பம்புக்கும் நடுவில் உட்கார்ந்து, வழிதவறி வருகிற ரெசினை வாங்கிக்கொண்டிருந்தது. அதன் புண்ணியத்தில்தான் புது பம்ப் பிழைத்துக் கிடந்தது. அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து மத்தியானச் சோற்றைத் தூக்கில் எடுத்துக்கொண்டு தினமும் ஷெட்டுக்கே வந்தார். புருஷன்மேல் ஒரு கண் வைக்காவிட்டால் வீட்டில் ஒரு சட்டியும் மிஞ்சாது என்றார்.

எனக்கும் வேலை மாறியது. ஷெட்டில் வாட்ச் கட்டியிருந்தது நான் ஒருத்திதான். இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் நான் நேரம் சொல்லவேண்டும், ரெசின் எதுவரை வந்திருக்கிறது என்று பிளாஸ்டிக்கின்மேல் மெழுகுப் பென்சிலால் கோடு போடவேண்டும். கோடு நேராக வந்தால் மேஸ்திரி மனிதராக இருப்பார். ஒரு பக்கம் முந்தினால், துணி காயப்போடுகிற கிளிப்பால் அந்தப் பக்கத்து டியூபை இறுக்கிவிட்டு, "இன்னாடி அவசரம், யாரு காத்துனு இருக்காங்க அங்க?" என்று ரெசினைக் கேட்பார். பம்ப் பக்கம் நாலு விரல் அகலத்துக்கு வலையே இல்லாமல் விட்டுவிட்டார். ஓடிவருகிற ரெசின் அங்கே வந்ததும் தடுமாறி, மெதுவாகி, பின்னால் வருகிற ரெசினுக்காகக் காத்து நிற்கும். அந்த நாலு விரலைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு மாசம் ஆயிற்று.

அப்புறம் பரிசோதனை நாள் வந்தது. வண்டி கட்டுகிற கம்பெனியிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, தங்கப் பிரேம் கண்ணாடி. அவர் கண்ணெதிரே ஒரு பலகை செய்யவேண்டும். நன்றாக வந்தால் ஆர்டர் உறுதி. வராவிட்டால் ஆர்டர் வேறு ஊருக்கு, எங்கள் ஷெட்டுக்குப் பூட்டு.

பம்ப் ஓடியது, ஷீட் பலகையைக் கவ்விப் பிடித்தது. மேஸ்திரி ஓரம் முழுக்கக் காதை வைத்துக்கொண்டு ஒரு சுற்று வந்து, தலையை ஆட்டினார். கிளிப்பைத் திறந்தோம். இரண்டு நிமிஷம், கோடு. நாலு நிமிஷம், கோடு. ரெசின் ராணுவ வரிசையாக வந்தது. பாதி தாண்டியதும் மானேஜர் முதல்முறையாகச் சிரித்தார்.

அப்போது தரை குலுங்கியது.

பூமிக்குள்ளே பாறை வெடிக்கிறது. தங்கவயலில் பிறந்தவர்களுக்கு அது பழக்கம். பாத்திரம் உருளும், எடுத்து அடுக்கிவைப்போம். இன்ஸ்பெக்டருக்குப் பழக்கமில்லை. நான் திரும்பிப் பார்க்கும்போது அவர் என் டைப்ரைட்டர் மேஜைக்குக் கீழே இருந்தார். எங்களுக்கு அவரைப் பார்க்க நேரமில்லை. மேஸ்திரி "உஸ்" என்றுவிட்டார். பட்டி எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது. எனக்குப் பம்பின் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு அடி நடந்து, ஓரத்தில் ஓரிடத்தில் கட்டை விரலை அழுத்தினார். அழுத்தின இடத்திலேயே நின்றுவிட்டார்.

"பட்டி கொண்டாங்க" என்றார். பட்டி தீர்ந்துபோயிருந்தது.

"அப்ப நானே நிக்கிறேன். சார், கொஞ்சம் வெளிய வாங்க. அந்த கிளிப்பு ரெண்டும் தெறிச்சிப் போச்சு. அந்த டியூப நீங்க புடிங்க. முழுசா இல்ல, பாதி நசுக்கிப் புடிங்க."

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். ஏன் என்று கேட்காமல் டியூபைப் பிடித்தார். மேஸ்திரி சொன்னால் அப்படித்தான்.

கட்டை விரல் ஓட்டையில் இருக்க, மேஸ்திரியின் முகம் மட்டும் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தின் பக்கம் திரும்பியிருந்தது. கீழே ஆள் மாட்டியிருந்தால் அங்கே அபாயச் சங்கு ஊதும். பாக்கியம் அக்கா தூக்குச்சட்டியோடு அப்படியே நின்றார். அவருடைய தம்பிக்கு அன்று சுரங்கத்தில் காலை ஷிஃப்ட்.

"கேக்குதா டைப்பம்மா?" என்றார் மேஸ்திரி, மெதுவாக.

"இல்ல மேஸ்திரி."

"எனக்கும் கேக்கல." இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். "கேக்கல பாக்கியம். ஒண்ணும் இல்ல. உக்காரு." அவர் காதுக்குக் கேட்கவில்லை என்றால் சங்கு ஊதவில்லை என்றே அர்த்தம். அக்கா உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் முப்பத்தைந்து நிமிஷம். ரெசின் இறுகும்போது சூடாகும். பிளாஸ்டிக்குக்கு மேலே இருந்த விரல் சிவந்துபோனது, அவர் எடுக்கவில்லை. பாக்கியம் அக்கா சோற்றைப் பிசைந்து அவருக்கு ஊட்டினார். இன்ஸ்பெக்டரின் இரண்டு கையும் டியூபில். அவரும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அக்கா அவரைப் பார்த்து, "வாயத் தொறங்க சார்" என்றார். அவர் திறந்தார். அந்த வைபவத்தைப் பார்க்கமுடியாமல் மானேஜர் வெளியே போய் நின்றார்.

பலகை இறுகியது. புடவையை உரித்தோம். பார்க்க அழகாக இருந்தது, மேலே லேசாக ரோஸ் பூச் சாயம் இறங்கியிருந்ததைத் தவிர. "இது என்ன பூ?" என்றார் இன்ஸ்பெக்டர். "டிசைன் சார்" என்றார் மானேஜர். இன்ஸ்பெக்டர் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துப் பலகையை வரிசையாகத் தட்டிக்கொண்டு வந்தார். உள்ளே சரியாக ஒட்டியிருந்தால் சத்தம் கணீரென்று வரும், இல்லாவிட்டால் செத்து வரும். கடைசிவரை தட்டிவிட்டு நிமிர்ந்து, "குட்" என்றார். மானேஜர் கைகூப்பினார்.

"இல்ல சார்" என்றார் மேஸ்திரி.

எல்லாரும் திரும்பினோம். அவர் பலகையின் ஓரிடத்தில் உள்ளங்கையை வைத்தார். "இந்த இடம் சரியில்ல. குலுங்கனப்ப பூந்த காத்து கீழ்ப் பக்கம் தங்கிடுச்சி. கை அளவு."

"எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எனக்குத் தெரியுது."

மானேஜர் அவரை ஓரமாக இழுத்தார். "மாராயா, அவரே நல்லாயிருக்குன்னு சொல்லிட்டாரு. ஸ்வல்ப வாய மூடிக்கோப்பா. பதினோரு குடும்பம்ப்பா." எனக்கும் அதேதான் தோன்றியது. அதை மறைத்து எழுதினால் பொய். என் வீட்டு அடுப்பை நினைத்து, இந்த மனுஷன் ஒருநாளாவது செவிடாக இருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

மேஸ்திரி விரலை ஊதிக்கொண்டே சொன்னார்: "சார், குளுக்கோஸ் பாட்டில் மாட்டற கொக்கி சரியா இங்கதான் வருது. அது புட்டுனு உழுந்தா கீழ படுத்துனு இருக்கறது யாரு? நம்ம ஆளுதான். நேத்துவரைக்கும் எங்கூட பூமிக்குள்ள வேல செஞ்சவன்."

இன்ஸ்பெக்டர் ரம்பம் கேட்டார். அந்த இடத்தை அறுத்தார்கள். கீழ்த் தோலில் ஓர் உள்ளங்கை அளவுக்கு நார் வெள்ளையாக, வறண்டு கிடந்தது. சரியாக மேஸ்திரி கை வைத்த இடம். இன்ஸ்பெக்டர் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நாணயத்தை மேஸ்திரி கையில் கொடுத்தார்.

"இந்தப் பலகை ரிஜெக்ட். அடுத்த வாரம் வரேன், இன்னொண்ணு செய்யுங்க. இனிமே நீங்க தட்டி சரின்னு சொல்ற பலகைய நான் திரும்பத் தட்டப்போறதில்ல." வாசல்வரை போய்த் திரும்பி, "பூ வேண்டாம்" என்றார். இரண்டையும் வரிசையாகவே அறிக்கையில் டைப் அடித்தேன்.

அடுத்த வாரம் பூமி சும்மா இருந்தது. பட்டி இரண்டு மடங்கு வாங்கிவைத்திருந்தோம். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து மானேஜரே வெள்ளை நைலான் துணி எடுத்துவந்தார். கூடவே பாக்கியம் அக்காவுக்கு ஒரு புடவையும். அக்கா அதை மானேஜர் கையிலிருந்து வாங்கி, புருஷன் பார்க்குமுன் தூக்குச்சட்டிக்குள் வைத்து மூடினார். பலகை ஓரம் முதல் ஓரம்வரை கணீரென்றது. ஆர்டர் உறுதியானது. ஷெட் அதற்கப்புறம் ஆறு வருஷம் ஓடியது. என் இரண்டு தம்பிகளும் அந்த ஆறு வருஷத்தில்தான் படித்து முடித்தார்கள்.

நாலு வண்டியில் முதல் வண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் எங்கள் ஷெட் வாசலில் வந்து நின்றது. பலகை செய்த ஆட்களை ஏற்றி ஒரு சுற்று சுற்றிவர டிரைவர் ஒத்துக்கொண்டார். மேஸ்திரி ஸ்ட்ரெச்சரில் நீட்டிப் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டார். பாக்கியம் அக்கா தலைமாட்டில் உட்கார்ந்து, "இன்னா, நோயாளிக்கி எப்பிடி கீது?" என்று கேட்டுச் சிரித்தார். மேட் வெட்டுகிறவர், ரெசின் கலக்குகிறவர், எல்லாரும் முண்டியடித்து ஏறினார்கள். கல்யாண ஊர்வலம் மாதிரி இருந்தது.

மேஸ்திரி படுத்தபடியே தலையைத் தூக்கி, "டைப்பம்மா, ஏறு. எடம் கீது. மாரிகுப்பம் போய்ட்டு வந்துடலாம்" என்றார்.

எனக்கு நாலு கடிதம் பாக்கியிருந்தது. நீங்க போய்ட்டு வாங்க மேஸ்திரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய் டைப் அடித்தேன். என்ன கடிதம், யாருக்கு என்பதெல்லாம் மறந்தே போயிற்று. இன்றைக்கு அந்தக் குரல் ஒருதரம் கூப்பிட்டால், செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் ஏறிக்கொள்வேன்.